வெள்ளி இரவு ஒன்பதரை

செக்காலை ரோட்டில் செல்போன் கடைக்கு மேலே
ஒரு மாடி, ஒரு ஏசி, இரண்டு நாற்காலி.
நேரலை தொடங்கும்போது ஏசியை அணைத்துவிடுவேன்,
மைக்கில் இரைச்சல் விழும்.
பதினேழு வருடம் அந்த வெக்கையில்தான்
வயிரவன் அண்ணனும் அடைக்கம்மை ஆச்சியும்
ஒத்துப்போகாமல் இருந்தார்கள்.

நட்சத்திரம் கிடையாது.
முதல் பந்தி, இரண்டாம் பந்தி, கடைசிப் பந்தி.
அதற்கும் கீழே ஒன்று:
'இலையை மடிச்சுட்டேன்' என்பார் அண்ணன்.
'நீங்க எங்கே சாப்பிட்டீக?
இடைவேளைக்கு அப்புறம் தூங்குனதை
பின் வரிசையில இருந்து பாத்தேன்ல' என்பார் ஆச்சி.

எந்தப் படமானாலும் அவர் தரையைப் பார்ப்பார்.
'கதை கோயமுத்தூருங்கிறான்,
கால் வைக்கிறது ஆத்தங்குடிக் கல்லு.
இது கானாடுகாத்தான் வீடு.
போன தீபாவளிக்கு இதே முகப்புலதான்
வேறொரு வில்லன் செத்தான்.'

ஒருமுறை அவர் குடும்ப வீடே நடித்தது.
கேமராவைப் பார்த்து முதலிலேயே சொல்லிவிட்டார்:
'அந்த வீட்ல எனக்கு நாற்பத்தெட்டுல ஒரு பங்கு.
படப்பிடிப்பு வாடகையில எண்ணூத்திப் பத்து ரூவா வந்துச்சு.
அதை வாங்கிக்கிட்டுத்தான் சொல்றேன்,
வீடு நல்லா நடிச்சிருக்கு. மத்ததெல்லாம் கடைசிப் பந்தி.'
ஆச்சி அதே படத்துக்கு முதல் பந்தி போட்டார்.
'வீட்டை நான் பாக்கவே இல்ல.
தாலி அறுத்த அன்னைக்கு அந்தப் பொண்ணு
அழாம உக்காந்து சோறு தின்னுச்சே,
அதைப் பாத்தேன்.'

ஆடியில் ஓனர் சேவியர் படியேறி வந்தார்.
அவர் வந்தால் கரண்ட் பில்,
இல்லாவிட்டால் யோசனை.
அன்றைக்கு யோசனை:
புது முகம், புது செட், முதுகுக்குப் பின்னால் நீல விளக்கு.

அண்ணன் கேட்டது ஒன்றுதான்.
'இந்த வாரம் நாலு படம் இருக்கே,
அதைப் பேசிட்டுப் போகவா?'
நாலையும் பேசினார்.
விடைபெற மறந்துவிட்டார், அல்லது மறக்கவில்லை.
ஒன்பது ஐம்பத்தெட்டுக்கு
நகைக்கடை விளம்பரம் ஓடியது.

ஆச்சி ஆறு வாரம் இருந்தார்.
பக்கத்தில் தருண். நல்ல பையன்.
'கரெக்ட் மேடம்.'
'நானும் அதையேதான் நினைச்சேன் மேடம்.'
இரண்டு தலையும் ஒரே பக்கம் ஆடினால்
எனக்கு எதற்கு இரண்டு கேமரா?
ஏழாம் வாரம் தேவகோட்டை பஸ்ஸில் அவர் வரவில்லை.
போன் செய்தேன்.
'பரீட்சைப் பேப்பர் கிடக்கு தம்பி, திருத்தணும்.'
காலாண்டுப் பரீட்சைக்கு இன்னும் பத்து நாள் இருந்தது.
நான் கேட்கவில்லை.

பிறகு நஸ்ரின். புதுவயல்.
பகலில் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை.
போன் வந்துகொண்டே இருந்தது,
'அண்ணன் எங்கப்பா?'
'ஆச்சி எப்ப வருவாக?'
கண்டனூரிலிருந்து ஒருவர்,
நீல வெளிச்சத்தில் தலை வலிக்கிறது என்று மட்டும் சொல்லி
வைத்துவிட்டார்.
அவள் எல்லோருக்கும் வணக்கம் சொன்னாள்.

ஐப்பசியில் ஒரு வெள்ளி.
முதல் பாதி மெதுவாகப் போகிறது என்றான் தருண்.
'படம் மெதுவா போகல.
நீங்க போனைப் பாத்தீங்க. மூணு தடவை.'

ஊசி ஏறியது தெரியாமல்
கையைப் பார்ப்பவன் போல இருந்தான்.
ஐந்து விநாடி.
என் விரல் விளம்பரப் பொத்தானுக்குப் போய்
அங்கேயே நின்றது.
'ரெண்டு தடவைதான்' என்றான்.

அப்போது போன்.
'கழனிவாசல்லேருந்து. பேர் வேணாம்.
அந்தக் கல்யாண வீடு எந்த ஊருன்னு
ரெண்டு பேருமே சொல்லலையே?'
குரலை நான் அறிவேன். அவள் அறியமாட்டாள்.
'தரையைப் பாக்க டிக்கெட் எடுக்கல சார்' என்றாள்.
எதிர்முனையில் மின்விசிறிச் சத்தம் கொஞ்ச நேரம்.
'சரி' என்று வைத்துவிட்டார்.

தருண் நெற்றியைத் துடைத்தான்.
ஏசி அணைந்துதான் இருந்தது.
முதல் கேமராவுக்கு மாறினேன்,
உடனே இரண்டாவதற்கு,
மறுபடி முதலுக்கு.